இதயத்தின் வாசல் வலப்பக்கம்

உழைப்பவன் வியர்வையைப் பற்றி மேடைதோறும் முழங்கிய நாடு இது. அந்த முழக்கத்துக்கு இப்போது பொருளில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி வெள்ளை வெளேரென்று கிடந்த அந்த உப்பளத்தில் ஒருவருக்கும் வியர்ப்பதில்லை.

கோடை அப்படி மாறியிருந்தது. நடுப்பகல் வெயிலில் நின்றவன் மாலைக்குள் பிணமானான். வெயிலில் ஆளை நிறுத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகுதான் நிறுவனங்களுக்கு அறிவியல் மீது அன்பு வந்தது. வெயிலைக் குளிர்விக்க முடியாது. உழைப்பவன் இரத்தத்தைக் குளிர்விக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். கழுத்தின் வலப்பக்க இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயத்தின் வாசல்வரை இறக்கினார்கள். இடுப்பில் கட்டிய பெட்டியிலிருந்து குளிர்நீர் அந்தக் குழாய்க்குள்ளேயே போய், அதற்குள்ளேயே திரும்பி வரும். அதை உரசிச் செல்லும் இரத்தம் குளிர்ந்து உடலெங்கும் பரவும். குளிர்ந்த உடல் நடுங்கும். நடுங்கும் கை உப்பு வாராது. ஆகையால் நடுக்கத்தை அடக்கும் மருந்தையும் அதே வழியில் சொட்டுச்சொட்டாக விட்டார்கள். நடுக்கம் அடங்கிற்று. அதோடு சேர்ந்து வேறு சிலவும் அடங்கின. என்னென்ன அடங்கின என்று தொழிலாளி கேட்கவில்லை, நிறுவனமும் சொல்லவில்லை.

முதன்முதலில் குழாய் போட்டுக்கொண்டவர்களில் ஒருத்தி தங்கபுஷ்பம். ஆடி மாதத்துக் காலை ஒன்றில் அவள் நிறுவனத்து மருத்துவமனையில், டாக்டர் மதிவாணியின் முன் உட்கார்ந்திருந்தாள்.

"வலப்பக்கம் அடைச்சுப்போச்சு அக்கா," என்றார் டாக்டர். "வருஷக்கணக்கா குழாய் உரசி உரசி உள்சுவர் தடிச்சிடுச்சு. இனிமே அந்த வழி இல்ல."

"அதுக்குத்தான் இன்னொரு பக்கம் இருக்குல்லா? கண்ணு ரெண்டு, காது ரெண்டு மாதிரி."

"கண்ணும் காதும் மாதிரி இல்ல இது."

"நெஞ்சு எடப்பக்கந்தான இருக்கு டாக்டரம்மா? அப்ப எடப்பக்கந்தான கிட்ட?"

மதிவாணி சிரித்தார். அந்தச் சிரிப்பில் களைப்பு இருந்தது.

"போன வாரம் மேலாளரும் இதையேதான் கேட்டார், அதுவும் கோட்டு போட்டுக்கிட்டு. இதயம் சாஞ்சிருக்கிறது இடப்பக்கம், அக்கா. அதோட வாசல் வலப்பக்கம். வலக்கழுத்துல இறங்கினா நேர் ரோடு. மேலேருந்து விட்ட நூல் மாதிரி போய் நிக்கும். இடப்பக்கம் அப்படி இல்ல. அங்க ரத்தக்குழாயே பெரும்பாலும் ஒல்லி. கீழ இறங்கி, கையிலேருந்து வர்ற குழாயோட சேர்ந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால குறுக்கே படுத்துப் போய், அந்தப் பக்கம் இருக்கிற பெரிய குழாய்ல சடக்குன்னு வளைஞ்சு விழும். நாம விடுற குழாய் அந்த வளைவுல திரும்பலேன்னா, அதோட நுனி போய்ச் சுவத்துல முட்டும். முட்டினா ஓட்டம் நிக்கும். முட்டிக்கிட்டே இருந்தா சுவர் ஓட்டையாகும். அந்தப் பக்கம் நுரையீரலோட உச்சியும் கொஞ்சம் ஏறி நிக்கும். ஊசி குத்துறவ கை தவறக் கூடாது."

"ஒங்க கை தவறாது."

"என் கை தவறாது. வளைவு என் கையில இல்லையே."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"போடுன்னு சொல்றது நிறுவனம். நான் சொல்லல. வேலையை விட்டுட்டு நிழல்ல இருங்கன்னுதான் நான் சொல்லுவேன். கொஞ்ச நாள்ல மருந்து உடம்பை விட்டு இறங்கிடும்."

"எறங்குனா?"

"தூக்கம் கெடும். அப்புறம் அடங்கிக் கிடந்ததெல்லாம் எழும்பும்." மதிவாணி தயங்கினார். "பூங்கனிக்கு நீங்க இன்னும் அழலேன்னு சொன்னாங்க."

"அதுக்குத்தான் சொல்லுதேன். எடப்பக்கமே போடுங்க."

பூங்கனி அவள் மகள். கல்லூரிக்குப் போனவள், மாசி மாதத்திலேயே வந்துவிட்ட ஒரு வெயிலில், பேருந்து வராத நிறுத்தத்தில் நின்று செத்தாள். உழைக்கும் உடலுக்குத்தான் குளிர்குழாய். படிக்கும் உடலுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. தகவல் வந்தபோது தங்கபுஷ்பம் பாத்தியில் நின்றிருந்தாள். உப்பை வரப்பில் ஏற்றிவிட்டுத்தான் போனாள். மகளின் நெற்றியில் கை வைத்தாள். நெற்றி கொதித்தது, அவள் கை பனியாகக் குளிர்ந்திருந்தது. அந்தச் சூடு இதமாக இருக்கிறது என்று தோன்றிற்று. வேறொன்றும் தோன்றவில்லை.

துக்கம் விசாரிக்க, துட்டி கேட்க வந்த உறவுப்பெண்கள் கட்டிப்பிடித்து அழக் கையை நீட்டினார்கள். இவள் கை எழவில்லை. உப்பளத்திலிருந்து வந்த கூட்டாளிகளோ கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்று, தேநீர் குடித்து, போய்விட்டார்கள். கல்நெஞ்சுக்காரி என்று கொழுந்தியாள் சொன்னது தங்கபுஷ்பத்தின் காதில் விழுந்தது. அது உண்மையாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள்.

ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியும். அழுகை போய்விடவில்லை. பாத்தியில் தேங்கிய நீர் போல எங்கேயோ நிற்கிறது. மடையைத் திறந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் வரும். அப்போது தான் இருப்போமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் இடப்பக்கம் போட்டார். கை தவறவில்லை.

உப்பளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உப்பை இழுக்கிறவர்கள் வரிசையாக முன்னே நிற்க, அவர்களுக்குப் பின்னே அடுத்த வரிசை நிற்கும். ஒவ்வொருவருக்கும் எதிரில் ஒருவர் தோள் இருக்கும். அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்ய வேண்டும். குழாயோடு இணைந்த சிறு விளக்கு தோள்பட்டையில் பொருத்தப்பட்டிருக்கும். ஓட்டம் சரியாக இருந்தால் பச்சை. நின்றுபோனால் சிவப்பு. சிவப்பைக் கண்டவர் கூவ வேண்டும். தொடக்கத்தில் அலறும் மணியும் இருந்தது. ஒருவர் மணி அலறினால் வரிசை முழுவதும் நின்றுவிடுகிறது என்று மணியை எடுத்துவிட்டார்கள். மணிக்குப் பதில் மனிதக் கண்.

வலப்பக்கக் குழாய்க்கு வலத்தோளில் விளக்கு. அதுவரை சிக்கல் இல்லை. இடப்பக்கக் குழாய்க்கு விளக்கு இடத்தோளில் வந்தது. இடத்தோள் பெண்களின் முந்தானை கிடக்கும் தோள்.

தங்கபுஷ்பம் வேலைக்குத் திரும்பிய அன்று கங்காணி தவசிமுத்து வரிசைக்கு முன் வந்து நின்றார்.

"எடப்பக்கக் குழாய் போட்ட பொம்பளையொ முந்தானைய இடுப்புல செருகிக்கிடணும். தோளு தெரியணும். மேலருந்து உத்தரவு."

முன்வரிசையிலிருந்து பாக்கியசீலி திரும்பினாள். வரிசையிலேயே இளையவள்; குழாய் போட்டு ஒரு பருவம்கூட ஆகவில்லை. அவளிடம் இன்னும் சூடு மிச்சமிருந்தது.

"உத்தரவு போட்டவரு வீட்டுப் பொம்பளையளுக்கும் சேத்துத்தானா அண்ணாச்சி?"

"ஏட்டி, வாய அடக்கு. வெளக்கு தெரியாண்டாமா? உசுரக் காக்கத்தான சொல்லுதாவ."

"அப்பம் வெளக்கு ஒயர நீளமாக்கி வலத்தோளுக்குக் கொண்டாரச் சொல்லும்."

"கேட்டாச்சு. அதுக்குப் புதுசா அச்சு அடிக்கணுமாம்."

"சீலைக்கு அச்சு வேண்டாம் பாத்தியளா! இழுத்தா வந்துரும்."

"முந்தானைய வலப்பக்கம் மாத்திப் போட்டா என்ன?" என்றாள் வேறொருத்தி.

"அந்தத் தோள்ல பெட்டியத் தாங்குற வாரு கெடக்குல்லா? சுத்திக்கிட்டுக் குழாயையே புடுங்கிரும்," என்றார் கங்காணி. அவருக்கும் அந்த உத்தரவைச் சொல்லி முடித்துவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. அவர் கண்கள் தரையிலேயே இருந்தன.

இதே தென்கோடியில், தோளில் சீலை போட்ட குற்றத்துக்காகப் பெண்கள் தெருவில் அடிபட்ட காலம் உண்டு. அடித்தவர்கள் அதற்குச் சாத்திரத்தைக் காரணம் காட்டினார்கள். அடிபட்டவர்கள் பணியவில்லை. போராடினார்கள்; வென்றார்கள். அந்த வெற்றிதான் பாக்கியசீலியின் தோளிலும் தங்கபுஷ்பத்தின் தோளிலும் நூல்சீலையாகக் கிடந்தது. சாத்திரம் கேட்டுத் தோற்றதை இப்போது பாதுகாப்பு கேட்டது. சாத்திரத்துக்குத் தடி தேவைப்பட்டது. பாதுகாப்புக்கு ஒரு சுற்றறிக்கை போதுமானதாக இருந்தது.

"நம்ம யாரும் எறங்கக் கூடாது. அவிய அச்சு அடிச்சிட்டு வரட்டும்," என்றாள் பாக்கியசீலி.

அவள் சொல்லி முடிப்பதற்குள் தங்கபுஷ்பம் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிவிட்டாள். பாத்தியில் இறங்கி உப்பு வாரும் பலகையைக் கையில் எடுத்தாள்.

"பேசி முடிச்சாச்சுல்லா? வேல கெடக்கு."

வரிசையில் யாரும் அசையவில்லை. பாக்கியசீலி அருகில் வந்தாள்.

"யக்கா, ஒனக்குச் சுடலையா?"

தங்கபுஷ்பம் தேடிப் பார்த்தாள். வெட்கம் இருக்க வேண்டிய இடத்தைத் தேடினாள். கோபம் இருக்க வேண்டிய இடத்தையும் தேடினாள். இரண்டு இடமும் துடைத்துவிட்ட தளம் போல இருந்தன.

"இல்லட்டி," என்றாள்.

அதன் பிறகு நடந்ததை நிறுவனத்தின் எந்த மேதையும் முன்கூட்டிக் கணக்கிட்டிருக்க முடியாது. விளக்கைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதற்காகத் தோளைத் திறந்தார்கள். தோள் திறந்ததால் வரிசை கண்ணைத் தாழ்த்தியது. தங்கபுஷ்பத்துக்குப் பின்னால் நின்றவன் சுயம்பு. அவளை மதினி என்று அழைப்பவன். அவள் கையால் சோறு வாங்கித் தின்றவன். விதிப்படி அவன் அவள் தோளைப் பார்க்க வேண்டும். அவன் தன் பலகையைப் பார்த்தான். அவனுக்கு அடுத்து நின்றவர்களும் அவரவர் பலகையையே பார்த்தார்கள். பார்க்கக் கூடாது என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லவில்லை. மருந்தால் அடங்கிய அந்த மனிதர்களிடத்திலும் இந்த ஒரு பண்பு அடங்காமல் இருந்தது. அது உடம்பிலேயே பதிந்த பழக்கம்.

நாட்கள் சென்றன. ஒரு காலை, தேநீர் இனிப்பதாகத் தங்கபுஷ்பத்துக்குத் தோன்றிற்று. இனிப்பு என்ற ஒன்றையே அவள் மறந்திருந்தாள். இன்னொரு நாள் காலில் உப்பு கடித்தது. சொறிந்தாள்; சொறிவதும் புதிதாக இருந்தது. ஓட்டம் குறைகிறது என்று அவள் அறிந்துகொண்டாள். நெஞ்செலும்புக்குப் பின்னே, அந்த வளைவில், குழாயின் நுனி சுவரை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டரிடம் சொன்னால் எடுத்துவிடுவார். எடுத்துவிட்டால் மடை திறக்கும். அவள் சொல்லவில்லை.

பிறகு ஒரு நடுப்பகலில் நுனி முட்டியது. ஓட்டம் நின்றது. அவள் இடத்தோளில் விளக்கு சிவந்தது. வெட்டவெளியில், வெள்ளை உப்பின் நடுவே, மறைக்க ஒரு நூலிழைகூட இல்லாமல் அது எரிந்தது. யாரும் பார்க்கவில்லை.

முதலில் காது சுட்டது. பிறகு உச்சந்தலை. உப்பின் வெண்மை கண்ணுக்குள் கத்தி போல இறங்கிற்று. காற்று என்று எண்ணியிருந்தது காற்றல்ல, அனல் என்று புரிந்தது. கூவ வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அவள் தன் உள்ளங்கையைத்தான் பார்த்தாள். அது சூடேறிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டை அவளுக்குத் தெரியும். அந்த நெற்றியின் சூடு. இப்படித்தான், இந்த வெயிலில்தான், இப்படிக் காது சுட்டு, தலை சுட்டு, இப்படிக் கண் கூசித்தான் பிள்ளை நின்றிருக்கிறாள். பேருந்து வரும் திசையைப் பார்த்து நின்றிருக்கிறாள். அந்த நெற்றியில் கை வைத்து இதம் என்று எண்ணியவள் தாய்.

தொண்டையிலிருந்து ஏதோ வெளியே வந்தது.

சுயம்பு அதைக் கடல்பறவை என்று நினைத்தான். அடுத்தவன் நீரிறைக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைத்தான். அந்த வரிசைக்கு அழுகையின் ஒலி மறந்துபோயிருந்தது. பாக்கியசீலிதான் திரும்பினாள். சிவப்பைக் கண்டாள். பலகையை வீசிவிட்டு ஓடி வந்தாள்.

"கண்ணத் தொறந்து பாருங்களேம்ல! எரியுதுல்லா! யக்கா... தூக்குங்கலே!"

தூக்கினார்கள். அப்போதும் சுயம்பு முதலில் செய்த காரியம், தன் துண்டை எடுத்து அவள் தோளை மூடியதுதான்.

டாக்டர் மதிவாணி குழாயை எடுத்தார். சுவர் ஓட்டையாகவில்லை, இன்னும் சற்று நேரம் போயிருந்தால் உத்தரவாதமில்லை என்றார். தங்கபுஷ்பம் அழுதுகொண்டே இருந்தாள். தண்ணீர் குடிக்கும்போது நிறுத்தினாள், குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். அது அவளுக்கு வெளியே நடப்பது போலவும் இருந்தது. அவளைத் தவிர வேறொன்றும் இல்லாதது போலவும் இருந்தது.

சுயம்பு வாசலில் நின்றான்.

"மதினி, நான் பாக்கல. பாக்கக் கூடாதுன்னு பாக்கல."

"நீ பாத்திருந்தா நான் அழுதிருக்க மாட்டேன் சுயம்பு. போ. போய்ச் சாப்புடு."

மேலாளர் தொலைபேசியில் கேட்டதை டாக்டர் அவளிடம் சொன்னார். சொல்லும்போது சன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"தொடை வழியா போடலாமான்னு கேக்கிறாங்க. அங்க ஒரு பெரிய ரத்தக்குழாய் இருக்கு. அந்த வழியில கிருமி சீக்கிரம் ஏறும், நடக்க நடக்க மடங்கும். ஆனா போட முடியும். போட்டா நாளைக்கே இதெல்லாம் நின்னுடும். முடிவு உங்களோடது, அக்கா. நான் எதுவும் சொல்லமாட்டேன்."

தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நாளைக்கே நின்றுவிடும். தேநீர் இனிக்காது. உள்ளங்கையில் அந்தச் சூடு இருக்காது. மாசியிலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்தது அதைத்தான்.

"வேண்டாம் டாக்டரம்மா," என்றாள். "எல்லாரும் எம்மவளுக்குத் துட்டி கேட்டுட்டுப் போயிட்டாவ. நான் இப்பத்தான் வந்திருக்கேன். வந்த ஒடனே எப்படிக் கெளம்ப?"

மறுவாரம், வெயில் ஏறுவதற்கு முன், தன் உடுப்பையும் தூக்குவாளியையும் எடுத்துப் போக அவள் உப்பளத்துக்கு வந்தாள். வரிசை கூடியிருந்தது. கங்காணி தவசிமுத்து புதிய சுற்றறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். அண்மையில் நேர்ந்த நிகழ்விலிருந்து நிறுவனம் பாடம் கற்றுக்கொண்டிருந்தது. இடத்தோள் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பெண்கள் முந்தானையை விருப்பம்போல் அணியலாம். விளக்கை மட்டும் நம்பத் தேவையில்லை. அதைவிட நம்பகமான அறிகுறி ஒன்று கிடைத்திருக்கிறது.

"பணியிடத்தில் அழுகை காணப்பட்டால், அது கருவிப் பழுதின் முதல் அறிகுறியாகக் கருதப்படும்," என்று படித்தார் தவசிமுத்து. "அழுபவரை உடனே வரிசையிலிருந்து விலக்கி, குழாயைச் சோதித்து, மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும்."

அவர் கையில் ஒரு சோதனைக் கருவியும் கொடுத்திருந்தார்கள். உள்ளங்கையளவு, பேசும்.

தங்கபுஷ்பம் தூக்குவாளியோடு வரப்பில் நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது; இப்போதெல்லாம் அது எப்போதும் நிறைந்திருந்தது. பாக்கியசீலி அவளைப் பார்த்தாள். பலகையைக் கீழே வைத்தாள். நடந்து வந்து வரப்பில் உட்கார்ந்து, தங்கபுஷ்பத்தையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவள் தோளில் கை போட்டு, நெற்றியை அவள் கழுத்தில் சாய்த்தாள்.

"யக்கா," என்றாள். "பூங்கனி போயிட்டாளாமே."

செய்தி புதிதாக வந்தது போலக் கேட்டாள். துட்டி வீட்டில் அப்படித்தான் கேட்க வேண்டும். மாசியில் அவர்கள் கேட்காதது அது.

அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவள் வந்தாள். தோள்மேல் தோளாகக் கை கோத்து வரிசை வளையமாயிற்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். படித்த பிள்ளையே என்று கூப்பிட்டார்கள். பேருந்து வராத ரோட்டில் நின்றாயே என்று கூப்பிட்டார்கள். குரல் எழுந்தது. கண்ணீர் வரவில்லை. மருந்து அதை விடவில்லை. வறண்ட கண்களோடு, உணர்ச்சியற்ற முகங்களோடு, செய்ய வேண்டிய முறை என்பதற்காக மட்டும் அவர்கள் அழுதார்கள். அழுகை பின்னால் வரட்டும் என்று இடம் போட்டு வைத்தது போல இருந்தது அது. நடுவில் தங்கபுஷ்பம் மட்டும் எல்லாருக்கும் சேர்த்து நனைந்தாள். சற்றுத் தள்ளி, துண்டை வாயில் பொத்திக்கொண்டு, ஆண்கள் பக்கத்தில் சுயம்பு நின்றான்.

தவசிமுத்து சுற்றறிக்கையைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். தோள்களிலெல்லாம் பச்சை எரிந்தது.

"ஏளா, எந்திரிங்க. வெயிலு ஏறுது," என்றார். யாரும் எழவில்லை. அவர் குனிந்து, பாக்கியசீலியின் கழுத்தில் கருவியை வைத்தார்.

"பழுது இல்லை," என்றது கருவி. "அடுத்தவர்."

அடுத்தவள் கழுத்தில் வைத்தார்.

"பழுது இல்லை. அடுத்தவர்."